கட்டிப்போட்டால் போதுமா?

"நாயைக் கட்டிட்டீங்களா?"

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நாயும் இருந்துவிட்டால், வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற முதல் கேள்வி இதுதான். கட்டியாகிவிட்டது என்று தெரிந்தால் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் குழந்தையைக் கூடத்துத் தரையில் விட்டுவிட்டு, ஆற அமரக் காபி சாப்பிடலாம், ஊர்க்கதை பேசலாம். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இளம் தாய்மார்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நாங்கள் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். சேலம் மத்தியச் சிறைச்சாலையும் எங்கள் பக்கம்தான். "எங்கே குடியிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "ஜெயிலுக்குப் பக்கத்துலதானுங்க" என்று எங்கள் வீட்டுக்காரர் வேண்டுமென்றே சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்து ரசிப்பார். வீடு பழைய வீடு. வழவழவென்று மொஸைக் தரை, முன்னால் சின்ன வாசல், ஒரு வேப்பமரம். அந்த வேப்பமரத்தடிக்கு ஒரு மழை நாளில் நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததுதான் செவலை. நிறத்தை வைத்து வைத்த பெயர். ஜாதி நாய் ஒன்றும் இல்லை, அசல் தெருநாய்க் குட்டி. வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் வாசலிலும் தன் இஷ்டத்துக்குச் சுற்றி வளர்ந்தது. கழுத்தில் பட்டையும் கிடையாது, கயிறும் கிடையாது.

அதற்குக் கயிறு கட்ட வேண்டிய அவசியம் ஒரு நாள் வந்தது. கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தோம். கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பத்து நாளைக்கு ஓட விடாதீங்கம்மா. மாடிப்படி ஏறக் கூடாது, கட்டில் மேல தாவக் கூடாது. தையல் பிரிஞ்சிடும். வீட்டுக்குள்ளேயே கயித்துல வச்சுக்குங்க." சின்னக்கடை வீதிக்குப் போய் ஒரு துணிப்பட்டையும், ஆறடி நாடாக் கயிறும் வாங்கி வந்தார் வீட்டுக்காரர்.

பட்டையை மாட்டினோமோ இல்லையோ, செவலை சிலையாகிவிட்டது. தலை தொங்கிவிட்டது. வால் இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது. பின்னங்காலால் கழுத்தை இரண்டு தடவை வறட் வறட்டென்று சொறிந்தது. பிறகு அப்படியே மெதுவாகச் சரிந்து, முகத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைகிறது. "ஏம்மா, ஆபரேஷன்ல ஏதோ ஆயிடுச்சு. டாக்டருக்குப் போன் பண்ணு" என்று அவர் பதறினார். எனக்கு ஒரு சந்தேகம். பட்டையைக் கழற்றினேன். சடாரென்று எழுந்து, தலையிலிருந்து வால் நுனி வரை ஒரு உதறு உதறிவிட்டு, நேரே போய்த் தட்டில் இருந்த தயிர்சாதத்தை நக்கியதே பார்க்கலாம்! மறுபடி மாட்டினேன். மறுபடி சிலை.

வீட்டுக்குள் முதல் முறையாகக் கயிறு மாட்டப்படும் பல நாய்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று பின்னால் அந்த டாக்டரே சொன்னார். கழுத்தை ஏதோ பிடித்திருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை, அசைந்தால் இன்னும் இறுக்குமோ என்று பயம். இந்த நேரத்தில் நாம் "வா, வா" என்று இழுத்தால் காரியம் கெட்டது. ஆட்டை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாம் முன்னால் இழுத்தால் அது பின்னால் இழுக்கும். மொஸைக் தரையில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, நகம் கீறக் கீறச் சறுக்கிக்கொண்டு வரும். பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

நான் இழுக்கவில்லை. கயிற்றைத் தரையில் தளர விட்டுவிட்டு, நாலடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பக்கத்தில் ஒரு துண்டு இட்லி. கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு காலை எடுத்து வைத்தது, நின்றது, இன்னொரு காலை வைத்தது. இட்லி போயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் கயிறு பின்னால் இழுபட அடுப்படி வரை வந்துவிட்டது. இரண்டாம் நாள் கயிற்றைக் கடித்துப் பார்த்தது. மூன்றாம் நாள் முதல், கயிற்று நுனி என் இடுப்பில் செருகியிருக்க, நான் போகிற இடமெல்லாம் அதுவும் கூடவே. கைக்குழந்தையாக இருந்தபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றிய என் பெண்ணின் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கயிற்று நுனி என் கையில் இருக்கும்வரை செவலை சாந்தம். குளிக்கப் போகிறபோது அதே கயிற்றை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டுப் போனால், அதே நாய் வேறு நாய்! முதலில் முனகல். அப்புறம் கயிறு போகிற தூரத்துக்குப் போய், அங்கேயே முன்னும் பின்னும் நடை. தினமும் வாலாட்டி வரவேற்கிற பால்காரரைப் பார்த்துக் குரைப்பு. குக்கர் விசில் சத்தத்துக்குக்கூடத் தூக்கிப்போடும். நாய் அதுதான், கயிறும் அதுதான், கூடமும் அதுதான். மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆள் இருந்தால் ஒரு விதம், கம்பி இருந்தால் ஒரு விதம்.

மேல்வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் இருக்கிறது. 2005-ல் நம் தபால் துறை இந்திய நாய்களுக்கு என்று தபால்தலை வெளியிட்டதே, அதில் இடம்பெற்ற வம்சம்! பால் போல வெள்ளை. அந்த வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கும் சங்கிலி 'கிலுக்' என்றால் போதும், மாடியே அதிரும். சோபாவைச் சுற்றி மூன்று பிரதட்சணம், வாசல் கதவில் இரண்டு அறை. ஏனென்றால் அதற்குச் சங்கிலி என்றால் சாயங்கால உலா. செவலைக்கோ கயிறு என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம். ரஷ்யாவில் பாவ்லோவ் என்கிற மேதை (1904-ல் நோபல் பரிசு வாங்கியவர்) நாய்களை வைத்து ஆராய்ந்தபோது, சாப்பாடு வருமுன்பே, சாப்பாடு கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே அவை எச்சில் ஊறி நின்றதைக் கவனித்தார். கயிறும் அப்படித்தான். அதற்கு என்று தனியாக ஒரு அர்த்தம் இல்லை. அதற்குப் பின்னால் தினமும் என்ன வருகிறதோ அதுதான் அதன் அர்த்தம். நாயை அதட்டவும் அடிக்கவும் மட்டுமே கயிற்றை எடுக்கிற வீட்டில், கயிற்றைக் கண்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயம். கட்டிய நாய் சத்தம் போடாமல் கிடந்தால், "பழகிடுச்சு, சமத்தாயிடுச்சு" என்கிறோம். எனக்கு அந்தச் சமத்தில் நம்பிக்கை இல்லை. 1967-ல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். படிக்கவே மனசு கஷ்டப்படும். வாரில் பூட்டிய நாய்களுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். என்ன செய்தாலும் அவற்றால் அதை நிறுத்த முடியாது. பிறகு, ஒரு தாண்டு தாண்டினால் தப்பிவிடலாம் என்கிற மாதிரி சின்னத் தடுப்பு உள்ள பெட்டியில் விட்டபோதும், அவற்றில் பல தாண்டவே இல்லை. படுத்துக்கொண்டு முனகின. அதே இருவரும் ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல், தங்கள் முடிவையே திருத்தி எழுதினார்கள். முடங்கிக் கிடப்பது அந்த நாய்கள் கற்றுக்கொண்டது அல்ல; நீடித்த துன்பத்தில் உயிர்கள் இயல்பாகவே அப்படி முடங்கிவிடுகின்றன; 'என்னால் ஏதாவது செய்ய முடியும்' என்பதைத்தான் ஒரு உயிர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். கூடத்து மூலையில் கட்டிய நாயையும் அந்தப் பரிசோதனையையும் ஒன்றாக்கிப் பேச நான் வரவில்லை. அமைதி வேறு, முடங்கிப்போவது வேறு என்று பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும்.

இனி குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்து, பேரன் பிறந்து, மூன்றாம் மாதம் நாமக்கல்லுக்குப் புகுந்த வீடு போனாள். பொங்கலுக்கு மறுபடி வந்தபோது பையன் தவழ ஆரம்பித்திருந்தான். தவழ்வதா அது? பாயைப் போட்டு இறக்கிவிட்டால், திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்படி வாசலில் இருப்பான்.

ஒரு நாள் ராசிபுரத்திலிருந்து என் பெரிய நாத்தனார் வந்தார். நல்ல மனுஷி. பேரன் மேல் உயிர். வந்ததும் வராததுமாகக் கொடியில் கிடந்த கயிற்றை எடுத்து, செவலையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். அதுவும் ஒரு முழக் கயிறு விட்டு, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. பையனைத் தரையில் இறக்கிவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டார்.

நான் காபித் தம்ளர்களோடு அடுப்படியிலிருந்து வருகிறேன். பையன் 'ங்ங்' என்று கத்திக்கொண்டு நேரே செவலையைப் பார்த்துத் தவழ்கிறான். செவலை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. பக்கத்தில் தின்கிற பண்டம் ஏதும் இல்லை. ஒரு பெரிய கொட்டாவி. "பாரேன், தூக்கம் வருது அதுக்கு" என்றார் நாத்தனார். தூக்கம் இல்லை அது. உடம்பு சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. கண்ணின் வெள்ளை, பிறை மாதிரி ஓரத்தில் தெரிந்தது. 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போ' என்பதை நாய் பாஷையில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதக் குழந்தைக்கு எந்தப் பாஷையில் சொன்னால்தான் புரியும்? விறைத்து நின்ற கயிறுதான் அவன் கண்ணுக்குப் பட்டது. எட்டி அதைப் பிடித்து, வெடுக்கென்று ஒரு இழுப்பு.

அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. தம்ளர்களை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. பையன் என் இடுப்பில் இருந்தான்.

"அடி கண்ணு அதை! குழந்தையைப் பார்த்தே உறுமுது! இதை இனிமே வீட்ல வச்சிருக்கலாமா?" என்று நாத்தனார் எழுந்துவிட்டார்.

"வேண்டாங்க அண்ணி. அது சொல்லிச்சு, நாம கேட்டுக்கிட்டோம். அவ்வளவுதான்" என்றேன்.

உறுமலுக்கு நாயை அடிக்கவே கூடாது. உறுமல் என்பது ரயில்வே கேட்டில் அடிக்கிற மணி மாதிரி. மணியை உடைத்துப் போட்டுவிட்டால் ரயில் வராமல் இருந்துவிடுமா? மணி அடிக்காமல் வரும், அவ்வளவுதான். உறுமி உறுமி அடி வாங்கிய நாய்தான், "எப்பவும் சாதுவா இருந்துச்சுங்க, திடீர்னு கடிச்சிடுச்சு" என்று எல்லோரும் பின்னால் சொல்கிற நாய்.

பையனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து கயிற்றை அவிழ்த்தேன். செவலை என்னைக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்கட்டு அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. கட்டியிராவிட்டால் முதல் 'ங்ங்' கேட்டபோதே அது போயிருக்கும் இடம் அது. எத்தனையோ நாள் அப்படிப் போயும் இருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். பயந்த நாய்க்கு இரண்டு வழி: ஒன்று விலகிப் போவது, இல்லாவிட்டால் எதிர்ப்பது. நாம் கட்டிப்போடும்போது முதல் வழியை அடைத்துவிடுகிறோம். தவழ்கிற குழந்தையையும் அதே கூடத்தில் விடுகிறோம். நாய் குழந்தையிடம் வர முடியாது என்பதை மட்டும் பார்க்கிறோம். குழந்தை நாயிடம் போக முடியும் என்பதை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1994-ல் ஒரு குழந்தை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். முற்றத்தில் சங்கிலியில் கட்டி வளர்க்கப்பட்ட நாய்கள் கடித்த நாய்களின் கூட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று அதில் கண்டிருக்கிறது. கட்டியதால் கடித்ததா, கடிக்கிற குணம் தெரிந்து கட்டினார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டிவிட்டதனாலேயே ஆபத்து போய்விடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த வாரமே ஆசாரியை வரவழைத்து, கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போகிற நடையில் இடுப்பு உயர மரக்கதவு ஒன்று போட்டோம். சட்டங்களுக்கு நடுவே பையனின் தலை நுழையாத அளவு இடைவெளி. பையன் தரையில் இருக்கிற நேரத்தில் செவலை அந்தப் பக்கம். கயிறு இல்லாமல், தன் தண்ணீர்ச் சட்டியோடு, தன் சாக்கோடு. விருப்பம் இருந்தால் கதவருகே வந்து படுத்து வேடிக்கை பார்க்கும். இல்லாவிட்டால் கட்டிலடிக்குப் போய்விடும். போகவும் வரவும் அதற்கு ஒரு இடம் கிடைத்த பிறகு அந்த உறுமல் ஒரு தடவைகூட வரவில்லை.

கயிற்றையும் ஒதுக்கிவிடவில்லை. தினம் பத்து நிமிஷம், பையன் அவன் அம்மா மடியில், கயிறு என் கையில், நடுவே நல்ல இடைவெளி. செவலை அவனைப் பார்த்தும் சும்மா இருந்தால் ஒரு துண்டு ரொட்டி. முகத்தைத் திருப்பினாலோ மூக்கை நக்கினாலோ நாங்கள் இருவரும் எழுந்து வெளியே போய்விடுவோம். இரண்டு பெரியவர்கள் இருந்தால்தான் இது. நான் ஒருத்தி மட்டும் என்றால் மரக்கதவுதான்.

வீட்டுக்குள் கயிறு மாட்டுகிறவர்கள் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். கனத்த இரும்புச் சங்கிலி வேண்டாம். நாடாவோ பருத்திக் கயிறோ போதும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இழுக்க இழுக்கச் சுருக்கு விழுகிற பட்டையை வீட்டுக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். கயிற்றைத் தரையில் இழுபட விட்டுப் பழக்குவதானால் கைப்பிடி வளையத்தை வெட்டிவிடுங்கள். வளையம் கட்டில் காலில் மாட்டும், கிரைண்டர் ஒயரில் மாட்டும், காஸ் ட்யூபில் மாட்டும். எங்கள் வீட்டில் ஒரு தடவை தூளிக்கு அடியில் தொங்கிய சேலை முடிச்சில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, தூளியில் பையன் இல்லை. ஆள் பார்வையில் இல்லாதபோது கயிற்றைக் கழற்றிவிடுவதுதான் சரி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரருகே ஒருபோதும் கட்டாதீர்கள். தெருவில் எதையோ பார்த்துத் தாவினால் கழுத்துச் சுருக்கிலேயே தொங்கிவிடும். நாள் முழுக்கக் கட்டிவைப்பதற்குச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. நியாயமில்லாத நேரத்துக்கு, ரொம்பக் குட்டையான அல்லது ரொம்பக் கனமான சங்கிலியில் பிராணியைக் கட்டிவைப்பது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலானாலும் சரி, வீட்டு நாயானாலும் சரி, முதலில் குழாயடி. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபிப்பொடி எதையும் அப்பக் கூடாது. அப்புறம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. எங்கள் ஊரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் விழும். அதனால் இன்னும் அவசரம். ஆழமான காயம் என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும் தேவைப்படும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயம் இப்போது வேண்டாம். அந்த ஊசி போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கையில் போடுகிறார்கள். டாக்டர் சொல்கிற தேதிகளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வளர்க்கிற நாய்க்கும் வருஷா வருஷம் ஊசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாருக்கு மரக்கதவில் இன்னும் முழுத் திருப்தி இல்லை. "கதவெல்லாம் சரி கண்ணு, கயிறும் ஒண்ணு இருந்தா என்ன?" என்று போன வாரம்கூடப் போனில் கேட்டார். மாப்பிள்ளை பையனை அழைத்துப் போக வந்திருந்தார். நாமக்கல்லில் சம்பந்தி வீட்டில் ஒரு அல்சேஷன் இருக்கிறது. திண்ணைத் தூணில் எப்போதும் சங்கிலியில். ரொம்பச் சமத்து, சத்தமே போடாது என்று சம்பந்தியம்மாள் பெருமையாகச் சொல்வார்கள். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் நடைக்குப் போய் நின்று, மரக்கதவின் உயரத்தையும் அகலத்தையும் முழம் போட்டு அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். என் பெண் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "சட்டத்துக்கு நடுவுல எத்தனை விரக்கடை விட்டாருங்க அத்தை, அந்த ஆசாரி?" என்றார்.